பல் இல்லாத கோடு

டூசான், அரிசோனா
4 அக்டோபர் 2009

அன்புள்ள தங்கை ஆர்டிஸுக்கு,

நான் நலம். நீயும் அப்பாவும் நலமா? அவர் நெஞ்சுச் சளி குறைந்ததா? இங்கே அக்டோபர் பிறந்தும் வெயில் மண்டையைப் பிளக்கிறது. முழங்கால் வலி ஒன்றுதான் எனக்குத் துணை.

கோடையில் நான் வந்திருந்தபோது பேசி முடித்ததை மறந்திருக்கமாட்டாய். அப்பாவின் நுரையீரலுக்குக் குளிர் ஆகவே ஆகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வீட்டுக்குள் ஒரு நாள் முழுக்க அறுபது டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே இருந்தால் வாதாடாமல் அவரை டுலூத் முதியோர் இல்லத்தில் சேர்ப்பது என்று கைகொடுத்துக்கொண்டோம். கடைசிவரை அவரை இந்த வீட்டிலேயே வைத்துக்கொள்வதாக நீ அம்மாவுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறாய். அதனால்தான் சொல்கிறேன், உத்தேசமாகப் பேசவேண்டாம், அளந்து பார்த்துவிடுவோம். முப்பத்து மூன்று வருஷம் ஆலைகளில் வெப்பம் அளந்தே வயிறு வளர்த்தவன் நான்.

சென்சார் வாங்குவது பெரிய காரியமில்லை. அதைக் கம்ப்யூட்டரோடு எப்படி இணைப்பது என்பதில்தான் தலைவலி. வயர் இல்லாத ரகம் உண்டு. ஆனால் நம் வீட்டு மரச்சுவர் கோட்டைச் சுவர், குளிரில் பேட்டரியும் செத்துவிடும். யுஎஸ்பி உண்டு. உன்னிடம் இருக்கும் பள்ளி நூலகத்துப் பழைய கம்ப்யூட்டரின் முதுகில் ஒன்பது ஊசி சீரியல் போர்ட்டும் இருக்கிறது. இவை எதுவும் வேண்டாமென்றால் ஊரார் வைப்பதுபோல் ஜன்னல் விளக்கு வைக்கலாம். வீடு குளிர்ந்தால் தானே எரியும், பக்கத்து வீட்டுக்காரர் பார்த்து ஓடிவருவார். எனக்கு அதில் இஷ்டமில்லை. நம் வீட்டுக் கஷ்டம் ஏன் தெருவுக்குத் தெரியவேண்டும்?

யோசித்து எழுது. நானே வந்து பொருத்திக் கொடுக்கட்டுமா?

உன் அண்ணன்
வெர்லின்


ஸ்ப்ரூஸ் லேக், மினசோட்டா
15 அக்டோபர் 2009

அன்புள்ள அண்ணனுக்கு,

ஆர்டிஸ் எழுதுவது. நாங்கள் சௌக்கியம். அப்பாவின் சளி இருக்கிறது, அவரும் இருக்கிறார். உன் முழங்காலுக்கு ஒத்தடம் கொடு.

போன் செய்யாமல் கடிதம் எழுதியது நல்லதாயிற்று. போன் சமையலறையில் அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் இருக்கிறது. கண் மங்கினாலும் அவருக்குப் பாம்புச் செவி. உன் கடிதத்தில் சென்சார் சமாசாரத்தை மட்டும் படித்துக் காட்டினேன். "அவன் பாலைவனத்துல உக்காந்துக்கிட்டு என் வீட்டுக் குளிரை அளக்கப் போறானாக்கும்! ஜன்னலைத் தொறந்து மூக்கை நீட்டினா எனக்கே தெரியுமே. அதுக்கு எதுக்குடி கம்ப்யூட்டர்?" என்றார். சிரித்துச் சிரித்து இருமலே வந்துவிட்டது.

எந்த வழி என்று நீயே பார்த்துச் செய். எனக்கு ஒரு பட்டனும் ஒரு பேப்பரும் போதும். எனக்கு ஜன்னல் விளக்கே பிடித்திருந்தது. எதிரே டோய்வோவின் வீட்டுச் சமையலறையிலிருந்து நம் ஜன்னல் நேராகத் தெரியும். உனக்கு வேண்டாமென்றால் வேண்டாம்.

நீ வரவேண்டாம். இவ்வளவு தூரம், அதுவும் ஒரு வயருக்காகவா? விறகு அடுக்கவேண்டும், முடிக்கிறேன்.

அன்புத் தங்கை
ஆர்டிஸ்


டூசான்
26 அக்டோபர் 2009

அன்புள்ள ஆர்டிஸுக்கு,

சுகம், உங்கள் சுகம் அறிய ஆவல். பார்சல் அனுப்பியிருக்கிறேன். உடைக்கும்போது கத்தியை ஆழமாக இறக்காதே, உள்ளே மெல்லிய வயர்.

சீரியல் போர்ட்டையே முடிவு செய்துவிட்டேன். பழைய வழிதான். பழைய குதிரைக்குத்தான் பாதை தெரியும். யுஎஸ்பியை நம்பினால் கம்ப்யூட்டர் கண்ணயரும்போது அதுவும் சேர்ந்து கண்ணயரும். பிறகு யாராவது பிடுங்கிச் செருகவேண்டும். சீரியல் போர்ட் அந்த அளவுக்குச் சோம்பேறியில்லை.

மூன்று சென்சார்கள். ஒன்று அப்பாவின் படுக்கையறைக்கு, ஒன்று சமையலறைக்கு, ஒன்று நிலவறையில் தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில். முப்பத்திரண்டில் தண்ணீர் உறையும் என்று உனக்கு நான் சொல்லவேண்டியதில்லை. ஒரே வயர் ஓர் அறையிலிருந்து அடுத்த அறைக்கு வரிசையாகப் போகவேண்டும். நடுவில் கிளை பிரிக்காதே. பிரித்தால் அது உளறும். ஒவ்வொரு சனிக்கிழமையும் அச்சுப் பொத்தானை அழுத்து. வாரம் முழுவதற்குமான கோடு வரும். மடித்து எனக்கு அனுப்பு.

அப்பாவுக்கு என் அன்பு.

வெர்லின்


ஸ்ப்ரூஸ் லேக்
12 நவம்பர் 2009

அன்புள்ள அண்ணனுக்கு,

இருவரும் நலம். ஏரி ஓரம் உறையத் தொடங்கிவிட்டது.

உன் பொம்மையைப் பொருத்திவிட்டோம். டோய்வோ வந்து உதவினார். கிளை பிரிக்காதே என்று நீ எழுதியதை இரண்டு பேரும் படித்தோம், படித்துவிட்டுப் பிரித்தோம். நிலவறைப் படிக்கட்டைச் சுற்றி வர அலுப்பு. கம்ப்யூட்டரைப் பார்த்தால் நிலவறையில் நூற்று எண்பத்தைந்து டிகிரி! டோய்வோ தொப்பியைக் கழற்றிவிட்டார். அப்பா நாற்காலியில் இருந்தபடியே, "நரகத்துக்கு நம்ம வீட்டுக் கீழதான் வாசல்னு உங்கம்மா அப்பவே சொன்னா. போய்ப் பாருடா டோய்வோ, எங்க அண்ணன் இருப்பான், நான் கேட்டேன்னு சொல்லு" என்றார். டோய்வோ கீழே போய் ஒரு ஊறுகாய்ப் பாட்டிலோடு திரும்பி வந்தார். "உங்க அண்ணன் இல்லைங்க. இது மட்டும்தான் இருந்துச்சு" என்றார்.

பிறகு ஒழுங்காக வரிசையில் இழுத்தோம். இப்போது சரியாக இருக்கிறது. முதல் வாரப் பேப்பர் இத்துடன். எனக்கு இது கிறுக்கலாகத்தான் தெரிகிறது.

தங்கை
ஆர்டிஸ்


டூசான்
24 நவம்பர் 2009

என் அன்புள்ள ஆர்டிஸுக்கு,

உன் கடிதம் கண்டு நெடுநாளைக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தேன். நூற்று எண்பத்தைந்து வெப்பமில்லை. மின்சாரம் விட்டு வரும்போது சென்சார் தூக்கக் கலக்கத்தில் உளறும் எண் அது. ஆலையில் இதைப் பார்த்துத் தீயணைப்பு வண்டியையே கூப்பிட்டவர்கள் உண்டு.

கிறுக்கல் என்கிறாயே! அந்தக் கோட்டை உற்றுப் பார். ரம்பப் பல்போல் ஏறி இறங்குகிறதா? நிலவறை ஹீட்டர் எரிந்தால் ஏறும், நின்றால் இறங்கும். இருபது நிமிஷத்துக்கு ஒரு பல். படுக்கையறை மேலே, நிலவறை கீழே, சமையலறை நடுவே என்று மூன்று கோடும் தனித்தனியாக ஓடுகின்றன. காலையில் சமையலறைக் கோடு குதிப்பது நீ ரொட்டி சுடும் நேரம். இரண்டாயிரம் மைலுக்கு அப்பால் இருந்தும் வீடு மூச்சுவிடுவது எனக்குத் தெரிகிறது. இந்தப் பேப்பரைக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டியிருக்கிறேன்.

கிறிஸ்துமஸுக்கு வரட்டுமா? ஒரு வாரம் நீ ஓய்வெடுக்கலாம்.

வெர்லின்


ஸ்ப்ரூஸ் லேக்
8 டிசம்பர் 2009

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம்தான். அப்பாவுக்கு இருமல் கொஞ்சம் கூடியிருக்கிறது, பயப்படும்படி இல்லை.

கிறிஸ்துமஸுக்கு வருவதாக எழுதியிருந்தாய். சாலையெல்லாம் பனி, விமானம் நேரத்துக்கு இறங்காது, உன் முழங்காலோ பனியில் கால் வைக்கவிடாது. எதற்குச் சிரமம்? நான் சமாளித்துக்கொள்வேன். சமாளித்துப் பழகிவிட்டேன். ஓய்வு எடுத்து என்ன செய்யப்போகிறேன்!

கிறிஸ்துமஸ் உருளைக்கிழங்கு ரொட்டி, லெஃப்சா, சுட்டு டோய்வோ வீட்டுக்கும் கொடுத்தேன். உனக்கும் தபாலில் கொஞ்சம் அனுப்புகிறேன், நொறுங்கித்தான் வரும். ஹீட்டர் இரண்டு நாளாகக் கிணற்று உருளைபோல் கிறீச்சிடுகிறது. வயசாகிவிட்டது அதற்கும். பேப்பர் இத்துடன்.

ஆர்டிஸ்


ஸ்ப்ரூஸ் லேக்
9 ஜனவரி 2010

அண்ணனுக்கு,

புத்தாண்டு வாழ்த்து. நலம். பேப்பர் இத்துடன். எல்லா இடத்திலும் அறுபத்தாறு. வெளியே பூஜ்யத்துக்குக் கீழே இருபத்திரண்டு.

நேரம் கிடைக்கும்போது பேப்பரைப் பார்.

ஆர்டிஸ்


டூசான்
28 ஜனவரி 2010

அன்புள்ள ஆர்டிஸுக்கு,

உங்கள் நலம் கோருகிறேன். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, மன்னித்துக்கொள். முழங்காலுக்கு ஊசி போட்டுக்கொண்டேன். ஜனவரி மாதத்தின் மூன்று பேப்பர்களும் வந்து சேர்ந்தன. அறுபத்தாறு, நல்லது. கோடு வழுவழுப்பாக இருக்கிறது.

இந்த இணைப்பு விஷயத்தை மறுபடி யோசித்தேன். இனிமேல் சீரியல் போர்ட் வைத்த கம்ப்யூட்டரே வராது. உன்னுடையது எந்த நிமிஷம் கண்ணை மூடுமோ தெரியாது. ஆகவே யுஎஸ்பிக்கே மாறிவிடுவது புத்திசாலித்தனம். இரண்டுக்கும் நடுவே ஒரு மாற்றி வைத்தும் சமாளிக்கலாம். ஆனால் மாற்றிகளில் போலிகள் அதிகம், ஒரு வாரம் வேலை செய்து எட்டாம் நாள் எண்களை விழுங்கிவிடும். வயரும் கொஞ்சம் தடிமனாக இருந்தால் தேவலை. நிலவறை வரை எழுபது அடி வருகிறதல்லவா? எந்த ரகம் என்று அடுத்த கடிதத்தில் விவரமாக எழுதுகிறேன்.

அப்பாவைக் கேட்டதாகச் சொல்.

வெர்லின்


டுலூத் ஆஸ்பத்திரி
11 பிப்ரவரி 2010

வெர்லின் அண்ணனுக்கு,

நலம் விசாரிக்கத் தெம்பில்லை. அப்பா நிமோனியாவோடு ஆஸ்பத்திரியில் இருக்கிறார். பிழைத்துக்கொள்வார் என்கிறார்கள். இங்கிருந்து அவரை நேரே முதியோர் இல்லத்துக்கு மாற்ற ஏற்பாடு நடக்கிறது. நீ கேட்டது நடந்துவிட்டது.

ஹீட்டர் ஜனவரி இரண்டாம் தேதியே நின்றுபோய்விட்டது. பழுது பார்க்க வந்தவன், "இந்த மாடலுக்கு இப்ப பார்ட்ஸே வர்றதில்லைங்க. புதுசுதான் போடணும். பிப்ரவரி பாதிக்கு முன்னாடி ஆள் கெடையாது" என்று கையை விரித்தான். அப்பாவின் கட்டிலைச் சமையலறைக்கு இழுத்தேன். விறகடுப்பில் மூன்று மணி நேரத்துக்கு ஒரு தரம் கட்டை போட்டேன், இருபத்து நான்கு மணி நேரமும். உன் மூன்று சென்சார்களையும் கழற்றி வந்து அடுப்புக்கு மேலே ரொட்டிப் பெட்டிக்குள் வைத்தேன். அறுபத்தாறு காட்டியது வீடில்லை, அந்தப் பெட்டி. மேலே அறைகள் முப்பதில் கிடந்தன.

நிலவறையில் சென்சார் இருந்திருந்தால் குழாய் உறைவது தெரிந்திருக்கும். போன வெள்ளிக்கிழமை பகலில் வெடித்தது. முழங்கால் தண்ணீரில் நின்று ஒன்றரை மணி நேரம் தண்ணீரை நிறுத்தும் வால்வோடு மல்லுக்கட்டினேன். அடுப்பு அணைந்துவிட்டது. அப்பா என்னைத் தேடி, எப்படியோ சுவரைப் பிடித்துக்கொண்டு தானே எழுந்து நடந்திருக்கிறார். நான் மேலே வந்தபோது வாசற்கதவை அகலத் திறந்துவைத்துக்கொண்டு, வெறும் சட்டையோடு பனியைப் பார்த்து, "ஆர்டிஸ்! ஏய் ஆர்டிஸ்! உள்ள வாடி, குளிருதுல்ல!" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

டோய்வோதான் எங்களைக் காரில் ஏற்றிக்கொண்டு வந்தார். வழியெல்லாம், "ஒரு வார்த்தை சொல்லக்கூடாதாம்மா? எதிர்வீட்டுலதானே இருக்கேன். பொகை வருதே, நல்லாத்தான் இருக்காங்கன்னு நெனச்சேனே" என்று தலையில் அடித்துக்கொண்டார். ஜன்னல் விளக்கு இருந்திருந்தால் அவர் முதல் நாளே வந்து நின்றிருப்பார்.

மறைத்தது நான்தான். உண்மையைச் சொன்னால் நீ அவரை அனுப்பச் சொல்வாய் என்றுதான் மறைத்தேன். ஆனால் மறைத்த பிறகு, நீ கண்டுபிடிக்கமாட்டாயா என்று தினமும் தபால் பெட்டியைத் திறந்து பார்த்தேன். இரண்டும் நிஜம். பல்லைப் படிக்க எனக்குச் சொல்லிக்கொடுத்ததே நீதானே! மூன்று கோடும் ஒன்றின்மேல் ஒன்று ஒட்டிக்கிடக்கிறது, ஒரு பல்கூட இல்லை. உனக்கா தெரியாது? நீ என்னடாவென்றால் வயரின் தடிமனைப் பற்றி ஒரு பக்கம் எழுதுகிறாய்.

வருகிறேன் என்று இரண்டு தரம் கேட்டாய். இரண்டு தரமும் வேண்டாம் என்றேன். இந்த ஊரில் ஒரு வாய் காப்பிக்கே இரண்டு தரம் மறுத்துவிட்டு மூன்றாவது தரம்தானே கோப்பையை நீட்டுவோம்? அரிசோனாவில் நேரடியாகப் பேசிப் பேசி உனக்கு மறந்துபோயிருக்கும். போகட்டும். எனக்கு யார்மேலும் கோபப்படத் தெம்பில்லை. உட்கார்ந்தபடியே தூங்கி விழுகிறேன்.

ஆர்டிஸ்


டூசான்
18 பிப்ரவரி 2010

ஆர்டிஸ்,

நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்க எனக்கு யோக்கியதை இல்லை.

ஜனவரி பதினான்காம் தேதி உன் உறையைப் பிரித்தேன். பிரித்த மாத்திரத்தில் தெரிந்துவிட்டது. ஹீட்டர் செத்துவிட்டது, மூன்று சென்சாரும் ஓரிடத்தில் இருக்கின்றன, பக்கத்தில் விறகடுப்பு எரிகிறது. இதைக் கண்டுபிடிக்க எனக்கு அரை நிமிஷம்கூட ஆகவில்லை. அந்தப் பேப்பரை மேஜை இழுப்பறையில் வைத்து மூடினேன். அடுத்த வாரத்துப் பேப்பரையும் அப்படியே செய்தேன். தெரியும் என்று எழுதினால் நான் கிளம்பி வரவேண்டும். தள்ளாத அப்பாவைத் தூக்கி, துடைத்து, அவர் பார்வையைச் சந்திக்கவேண்டும். எனக்கு அதில் பயம், ஆர்டிஸ். முழங்காலுக்கு ஊசியும் போடவில்லை. இரண்டு வாரம் சும்மா உட்கார்ந்திருந்துவிட்டு வயரைப் பற்றி எழுதினேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். மூன்றாவது தரம் கேட்கவேண்டும் என்பது எனக்கு மறக்கவில்லை. நானும் அந்த வீட்டில் பிறந்தவன்தானே. இரண்டோடு நிறுத்தினால் உன் "வேண்டாம்" நிற்கும் என்று கணக்குப் போட்டுத்தான் நிறுத்தினேன்.

இனி கேட்கப்போவதில்லை. இருபத்து மூன்றாம் தேதி டுலூத்தில் இறங்குகிறேன். இல்லத்துக்கு மாற்றும் தாளில் கையெழுத்துப் போடாதே.

வெர்லின்


ஸ்ப்ரூஸ் லேக்
18 ஏப்ரல் 2010

அன்புள்ள ஆர்டிஸுக்கு,

நாங்கள் நலம் என்றே சொல்லவேண்டும். என் வீட்டில் உனக்கு எல்லாம் வசதியாக இருக்கிறதா? மாடி மின்விசிறியின் சத்தத்துக்குப் பயப்படாதே, விழாது.

அப்பா வீட்டுக்குத் திரும்பி ஐந்து வாரம் ஆகிறது. புது ஹீட்டர் ஒழுங்காக ஓடுகிறது. டாக்டர், "வீடு சூடா இருக்கணும், ஆள் ஒருத்தர் கூடவே இருக்கணும். ரெண்டுல ஒண்ணு கொறஞ்சாலும் இல்லம்தான்" என்று கறாராகச் சொல்லித்தான் விட்டார். அதனால் கடைக்குப் போவதென்றாலும் டோய்வோவை உட்கார வைத்துவிட்டுத்தான் போகிறேன். நேற்றுக் குளிப்பாட்டும்போது தொட்டும் தொடாமலும் தேய்த்தேன். அப்பா, "என்னடா, ஆடு உரிக்கற மாதிரி பயந்து பயந்து தேய்க்கற! அவ இருந்தா இந்நேரம் என்னைத் துடைச்சு, காப்பியும் குடுத்து, திட்டியும் முடிச்சிருப்பா" என்றார்.

இடுப்பு விட்டுப்போகிறது. கட்டிலைவிட்டு அவரை எப்படி ஒற்றை ஆளாய் எழுப்பினாய்? சாப்பிட உட்கார்ந்தால் கூப்பிடுகிறார், படுத்தால் கூப்பிடுகிறார். நீ தனியாக அவரைப் பார்த்துக்கொண்ட ஒன்பது வருஷத்தை இப்போதுதான் எண்ணிப் பார்க்கிறேன். தினமும் உன்னைக் கேட்கிறார். மூன்று வாரம் என்று போனாய், நாலரை ஆகிறது. எப்போது வருகிறாய்? தேதி எழுதினால் டுலூத்துக்குக் காரோடு வந்து நிற்கிறேன்.

வெர்லின்


டூசான்
27 ஏப்ரல் 2010

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் நலம். இதை நிஜமாகவே எழுதுகிறேன்.

வந்த முதல் வாரம் தூங்கினேன். கதவு தட்டிய பக்கத்து வீட்டு அம்மாள், "உசுரோட இருக்கீங்களான்னு பாக்கத்தாங்க வந்தேன்" என்றார். இரண்டாவது வாரமும் தூங்கினேன். விறகு போட நேரமாகிவிட்டது என்று திடுக்கிட்டு எழுவேன், சுற்றிலும் வெயில், படுத்துக்கொள்வேன். இப்போது விடிந்ததும் வாசலில் நாற்காலி போட்டு உட்காருகிறேன். யாரும் கூப்பிடுவதில்லை. என் கை இரண்டும் மடியில் சும்மா கிடக்கின்றன, அவற்றைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

அப்பாவை எழுப்பும் முறை இதுதான். முதலில் அவரை உன் பக்கமாக ஒருக்களிக்கச் செய். கால்களைக் கட்டிலுக்குக் கீழே தொங்கவிடு. உன் வலது முழங்காலை அவர் இரண்டு முழங்காலுக்கும் நடுவில் கொடு. "ஓடம் வருது அப்பா" என்று சொல், ஏனென்று கேட்காதே, அதைச் சொன்னால்தான் அவர் உன் தோளைப் பிடிப்பார். இடுப்பால் தூக்காதே, தொடையால் தூக்கு. ஓட்ஸ் கஞ்சியில் உப்புப் போட்டு முதல் கரண்டியை நீ சாப்பிட்டுக் காட்டு. விடிகாலை இருமலுக்குத் தலையணை இரண்டு, மூன்று வைத்தால் மூச்சு முட்டும். மார்பில் தைலம் தேய்க்கும்போது கையை முதலில் உரசிச் சூடாக்கிக்கொள். அவர் திட்டினால் திருப்பித் திட்டு. பேசாமல் இருந்தால் தனக்கு உடம்பு மோசம் என்று நினைத்துக்கொள்வார்.

தேதி கேட்டிருக்கிறாய். நான் வரவில்லை, அண்ணா. இந்த வருஷம் இல்லை. அடுத்த வருஷம் என்னவென்று எனக்குத் தெரியாது. அப்பா வீட்டிலேயே இருக்கட்டும், நீயும் இரு. அம்மாவுக்குக் கொடுத்த வாக்கை உன் கையில் கொடுக்கிறேன். இதை எழுத நான்கு நாள் ஆயிற்று. எழுதிய பிறகு அழுதேன், ஆனாலும் கிழிக்கவில்லை.

அப்பா என்னை எங்கே என்று கேட்டால், ஆர்டிஸ் தூங்குகிறாள் என்று அவரிடம் சொல். அது பொய்யில்லை.

உன் தங்கை
ஆர்டிஸ்